தோட்ட ரயிலுக்கு ஒலி டிகோடர்: குறைந்த செலவில் எதை வாங்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் இரண்டு என்ஜின்கள் உங்களிடம் இருக்கின்றன. ஒன்று, ஜெர்மன் தோட்ட ரயில் தயாரிப்பான எல்ஜிபியின் பழைய ஸ்டைன்ஸ் நீராவி என்ஜின். மற்றது 1:29 அளவில், இரண்டு மோட்டார் உள்ள அமெரிக்க டீசல். இரண்டையும் டிசிசியில் (தண்டவாளம் வழியாக ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓட்ட வேண்டும், ஒலியும் வேண்டும். அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டி, ஒலியும் தரும் பலகைதான் ஒலி டிகோடர். ஆனால் ஜி ஸ்கேலுக்கென்று, அதாவது இந்தத் தோட்ட ரயில் அளவுக்கென்று, விற்கும் ஒலி டிகோடர்களின் விலை கட்டுப்படியாகவில்லை. குறைந்த விலையில் உருப்படியானது எது?

டிகோடர் பெயரைக் கேட்பதற்கு முன்னால் என்ஜின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்துவிடுங்கள். இந்த வேலையில் பெரிய தொகை மிச்சமாவது பெரும்பாலும் இங்கேதான். "ஜி" என்றும் "எக்ஸ்எல்" என்றும் பெட்டியில் போட்டிருப்பது விற்பவர் வைத்த பெயர். மோட்டாருக்கு ஸ்கேல் தெரியாது, வோல்ட்டும் ஆம்பியரும்தான் தெரியும். எல்ஜிபி 1968இல் சந்தைக்கு வந்த காலத்திலிருந்தே இருக்கும் என்ஜின் ஸ்டைன்ஸ். இரண்டு அச்சு, ஒரே மோட்டார். நாலைந்து சிறிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு சமதளத்தில் போகும்போது அது ஒரு ஆம்பியரைத் தொடுவதே அபூர்வம். அதற்கு 5 ஆம்பியர் டிகோடர் வாங்குவது வீண் செலவு.

அளப்பது எளிது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, சாதாரண டிசி மின்மூலத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் தொடராக இணைக்கவும். 18 வோல்ட் கொடுத்து என்ஜினை ஓடவிட்டு, பிறகு அதைக் கையால் பிடித்து நிறுத்துங்கள். சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கிச் சுற்றும்போது மீட்டர் காட்டும் எண்தான் நடைமுறையில் உச்சம். எல்ஜிபி என்ஜின்கள் பலவற்றில் ஒரு சக்கரத்துக்கு ரப்பர் வளையம் இருக்கும். அது பிடித்துக்கொண்டு மோட்டார் நின்றே போகலாம். அப்படியானால் ஓரிரு நொடி மட்டும் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மோட்டார் முழுவதும் நின்றால் எவ்வளவு போகும் என்பதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். மோட்டார் வயர் இரண்டையும் கழற்றி மின்தடையை அளந்து, அச்சை மெல்லத் திருப்பித் திருப்பிக் கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். அது 8 ஓம், தண்டவாள வோல்ட் 20 என்றால் 2.5 ஆம்பியர். மோசமான நிலையிலும் அதற்கு மேல் போக வழியில்லை.

இதோடு புகைக்கருவி, பழைய குண்டு பல்புகள் இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்புகளை எல்இடியாக மாற்றினால் அந்தப் பங்கு கிட்டத்தட்ட மறைந்துவிடும். டிகோடர் விவரத்தில் இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கும்: தொடர்ந்து தரக்கூடியது, ஒரு கணம் தாங்கக்கூடியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது சில நேரம் இரண்டாவது எண். நமக்கு வேண்டியது முதலாவது.

டீசலையும் இதே முறையில்தான் அளக்க வேண்டும், ஆனால் கதை வேறு. இரண்டு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும், என்ஜின் எடையும் அதிகம், சக்கரம் எளிதில் வழுக்காது. ஏற்றத்தில் நீளமான சரக்கு ரயிலோடு போனால் 3 ஆம்பியரைத் தாண்டுவது சாதாரணம். அங்கே சிக்கனம் பார்த்துச் சின்ன டிகோடர் போட்டால் அது சூடாகி நின்று நின்று ஓடும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும்.

அடுத்தது வோல்ட். எச்ஓ (வீட்டுக்குள் ஓட்டும் 1:87 அளவுச் சிறிய ரயில்) தண்டவாளத்தில் பொதுவாக 14 முதல் 16 வோல்ட் வரை இருக்கும். தோட்ட ரயிலில் 18 முதல் 22 வரை. சில மத்திய அலகுகள் (டிசிசி கட்டளைகளைத் தண்டவாளத்துக்கு அனுப்பும் பெட்டி) 24 வரைகூடப் போகும். சின்ன டிகோடரை ஜி என்ஜினில் போட நினைத்தால் அது தாங்கும் அதிகபட்சத் தண்டவாள வோல்ட் எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். உங்கள் மத்திய அலகில் வோல்ட்டைக் குறைக்க வசதி இருந்தால் 18இல் வையுங்கள். ஸ்டைன்ஸ் போன்ற கிளைப்பாதை என்ஜினுக்கு அந்த வேகமே ஜாஸ்தி.

சரி, இப்போது பெயர்கள். அமெரிக்காவின் சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் ஈகனாமி வரிசை விலையில் மிதமானது. அதில் 100, 200, 400 என்ற எண்கள் முறையே 1, 2, 4 ஆம்பியரைக் குறிக்கின்றன. அவர்களுடைய மேல்வரிசையான சுனாமி2இலும் 1100, 2200, 4400 என்று அதே கணக்குதான். இவற்றில் ஒலிகள் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். விசில், மணி, ஹார்ன் ஆகியவற்றில் பல வகை உள்ளே இருக்கும். சிவி எண்களை (டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்கள்) மாற்றி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். வெளியிலிருந்து புதிய ஒலி ஏற்ற முடியாது. உங்கள் அமெரிக்க டீசலுக்கு இது ஒரு குறையே இல்லை. ஈகனாமி 400இன் டீசல் பதிப்பு கடையில் கிடைத்தால், அளந்த எண் 4 ஆம்பியருக்குள் இருந்தால், யோசிக்காமல் வாங்கலாம்.

ஸ்டைன்ஸுக்கு அது சரிவராது. ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலக் குறுகிய பாதையில் ஓடிய, 1892இல் லின்ஸ் நகரில் கட்டப்பட்ட சின்ன என்ஜின் அது. அதற்கு அமெரிக்கச் சரக்கு என்ஜினின் கனத்த விசில் கொடுத்தால் கேட்கச் சகிக்காது. ஐரோப்பியக் குறுகிய பாதை ஒலிகளுக்கு ஜெர்மனியின் ஈஎஸ்யு, வியன்னாவின் ஸிமோ, ஜெர்மனியின் மாசோத் மூன்றில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். ஈஎஸ்யுவின் லோக்சவுண்ட் 5 வரிசையில் "எக்ஸ்எல்" ஜி ஸ்கேலுக்கு என்று விற்கிறார்கள், "எல்" ஓ ஸ்கேலுக்கு (எச்ஓவுக்கும் ஜிக்கும் இடைப்பட்ட அளவு) என்று. எல் வகை 3 ஆம்பியர் தரும். ஒலியை உருவாக்கும் முறை ஒன்றேதான், விலை கணிசமாகக் குறைவு. ஒற்றை மோட்டார் எல்ஜிபி என்ஜின்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்.

இங்கே ஒரு மறைமுகச் செலவு உண்டு. லோக்சவுண்டுக்கான ஒலிக்கோப்புகளை ஈஎஸ்யு தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அவற்றை டிகோடருக்குள் ஏற்ற லோக்புரோகிராமர் என்ற கருவி வேண்டும், அது தனி விலை. ஒரே ஒரு என்ஜினுக்காக அதை வாங்காதீர்கள். பல கடைகள் டிகோடர் வாங்கும்போதே கேட்ட ஒலியை ஏற்றித் தருகின்றன. ஆர்டரில் எழுதிக் கேளுங்கள். நாலைந்து என்ஜின் சேரும்போது கருவியை வாங்கினால் செலவு பரவிவிடும். ஸிமோவில் கவனிக்க வேண்டியது வேறு: சில ஒலித் திட்டங்கள் இலவசம், சிலவற்றுக்கு டிகோடர் வாரியாகக் காசு கட்டிக் குறியீடு வாங்க வேண்டும். பட்டியலில் எது எந்த வகை என்று பார்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள்.

ஒலி ஏற்றும் வசதி நம்மவர்களுக்கு இன்னொரு வகையில் முக்கியம். 1:22.5 அளவில் 45 மி.மீ. தண்டவாளம் மீட்டர் கேஜைக் குறிக்கிறது, 1000ஐ 22.5ஆல் வகுத்தால் 44.4. அதாவது நீலகிரி மலை ரயில் இந்த அளவில் அப்படியே பொருந்துகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் எக்ஸ் வகை என்ஜின்களை முதலில் கட்டித் தந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை. என்றைக்காவது அந்த விசிலை நீங்களே பதிவுசெய்து மாதிரிக்குள் கொண்டுவர ஆசையிருந்தால், ஒலி ஏற்ற முடியாத டிகோடர் வாங்குவதில் பயனில்லை.

இனி, பட்ஜெட் உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் நான் சொல்லும் வழி. ஒலியை மோட்டாரிலிருந்து பிரித்துவிடுங்கள். பெரிய டிகோடரில் நீங்கள் காசு கொடுப்பது மோட்டாருக்கான பெரிய டிரான்சிஸ்டர்களுக்கும் பெரிய பலகைக்கும்தான். ஒலிச் சிப் எச்ஓ டிகோடரிலும் அதே தரம். ஆகவே டீசலை ஓட்ட ஒலியில்லாத, வலுவான டிகோடர் ஒன்று போடலாம். டிஜிட்ராக்ஸின் டிஜி583எஸ் 5 ஆம்பியர் தரும். என்சிஈயின் டி808 இன்னும் தடிமன், 8 ஆம்பியர். ஒலிக்கு ஒரு எச்ஓ ஒலி டிகோடரை அதே முகவரியில் (மத்திய அலகு டிகோடரை அழைக்கும் எண்) வைத்து, மோட்டார் வயர்களை எங்கும் இணைக்காமல் காப்பிட்டு விடுங்கள். பின்னால் வரும் மூடுபெட்டியில்கூட அதை வைக்கலாம். அந்தப் பெட்டியில் பெரிய ஸ்பீக்கருக்கு இடம் தாராளமாக இருக்கும். பல டிகோடர்களைச் சேர்த்து ஓட்டும் கூட்டு ஓட்டத்துக்கான சிவி 19இல் முகவரியை மாற்றினால் ஒரே ஒலிப்பெட்டியை வெவ்வேறு டீசல்களுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளலாம்.

இதில் மூன்று சிக்கல்கள் வரும், முன்னாலேயே தெரிந்தால் தலைவலி இல்லை. முதலாவது, மோட்டார் இல்லாத டிகோடர் புரோகிராமிங் தண்டவாளத்தில் (சிவி எழுதவும் படிக்கவும் தனியாக வைக்கும் துண்டு) பதில் சொல்லாது. டிசிசியில் டிகோடர் "ஆமாம்" என்று சொல்வது, சுமார் 6 மில்லிநொடிக்கு 60 மில்லிஆம்பியர் கூடுதலாக இழுப்பதன் மூலம்தான். அதை வழக்கமாக மோட்டார் வழியாகச் செய்யும். மோட்டார் இல்லையென்றால் மத்திய அலகு பிழை காட்டும், நீங்கள் டிகோடர் கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள். புரோகிராம் செய்யும்போது மட்டும் மோட்டார் வயர்களுக்கு நடுவே ஒரு சின்ன மோட்டாரையோ தகுந்த வாட் உள்ள மின்தடையையோ போடுங்கள். இல்லையேல் ஓடும் தண்டவாளத்திலேயே எழுதுங்கள். இரண்டாவது, ஒரே முகவரியில் இரண்டு டிகோடர் இருந்தால் ஒன்றுக்கு எழுதுவது இரண்டுக்கும் போகும். இணைப்பதற்கு முன்பே தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது. சிவி 15, 16 கொண்டு பூட்டும் வசதி இருந்தால் அதுவும் சரி. மூன்றாவது, ஒலி டிகோடருக்கு மோட்டாரின் சுமை தெரியாது. ஏற்றத்தில் உறுமல் தானாகக் கூடாது. முடுக்கத்துக்கான சிவி 3, வேகக் குறைப்புக்கான சிவி 4 இரண்டும் இரண்டு டிகோடரிலும் பொருந்தி வரவேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் நின்ற பிறகும் ஒலி ஓடிக்கொண்டிருக்கும்.

டீசலுக்கு இந்தப் பிரிப்பு அழகாக வேலை செய்யும். நீராவி என்ஜினுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரட்டைச் சிலிண்டர் நீராவி என்ஜின், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது நாலு முறை மூச்சு விடும். ஜி அளவில் இணைப்புத் தண்டுகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதால், மெதுவாகப் போகும்போது மூச்சும் சக்கரமும் பொருந்தாவிட்டால் உடனே உறுத்தும். மோட்டாரை ஓட்டும் அதே டிகோடர் ஒலியையும் தந்தால் சிவி எண்களாலேயே ஓரளவு பொருத்திவிடலாம். ஈஎஸ்யுவில் அது சிவி 57, 58. துல்லியம் வேண்டுமானால் அச்சில் காந்தத் துண்டுகளும் அடியில் ரீட் சுவிட்சும் (காந்தம் அருகே வந்தால் இணையும் சுவிட்ச்) வையுங்கள். இரண்டும் மலிவு, ஒரு மாலை வேலை.

ஸ்பீக்கர் விஷயத்தில்தான் பலர் தவறான இடத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள். விலை உயர்ந்த டிகோடரை மோசமான ஸ்பீக்கரோடு இணைப்பதைவிட, நடுத்தர டிகோடரை நல்ல ஸ்பீக்கரோடு இணைப்பது எவ்வளவோ மேல். தோட்டத்தில் சுவர் கிடையாது, ஒலி திரும்பி வராது, காற்றும் அடிக்கும். எச்ஓ டிகோடரின் பெருக்கி ஓரிரண்டு வாட்தான். அதனால் வாட் எண்ணைப் பார்க்காமல் ஸ்பீக்கரின் உணர்திறனைப் பாருங்கள். 3 டெசிபல் கூடுதல் உணர்திறன் என்பது பெருக்கியின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். ஜெர்மனியின் விசாட்டன் நிறுவனத்தின் 6.5 செ.மீ. எஃப்ஆர்எஸ் 7, இடம் குறைவான இடத்துக்கு 5 செ.மீ. கே 50 டபிள்யூபி ஆகியவை தோட்ட ரயில்காரர்கள் அதிகம் போடும் வகை. பின்னது ஈரம் தாங்கும்.

ஓம் எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். டிகோடர் 8 ஓம் என்று சொன்னால் 4 ஓம் போடக் கூடாது; பெருக்கி எரியலாம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் போட்டால் 4, தொடராகப் போட்டால் 16. லோக்சவுண்ட் 5, 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும், அதனால் அங்கே கவலை குறைவு. ஆனால் பழைய லோக்சவுண்ட் 3.5இன் எச்ஓ பதிப்புக்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும். பயன்படுத்தியதை மலிவாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிட்டால் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழித்துவிடும். மூடிய பெட்டிக்குள் வைத்தால் அதே ஸ்பீக்கர் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இதற்குக் காசே வேண்டாம். குழாய்க் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய்த் துண்டும் மூடியும் போதும். வயர் போகும் துளையைப் பசையால் அடைத்துவிடுங்கள். மூடுபெட்டியில் வைப்பதானால் ஸ்பீக்கரைத் தரைப்பலகையில் கீழ்நோக்கிப் பொருத்தி, பெட்டி முழுவதையும் ஒலிக்கூடாக ஆக்கிக்கொள்ளலாம்.

தோட்டத்துப் பித்தளைத் தண்டவாளம் கறுத்துப் போகும், இலை விழும், எறும்பு நசுங்கும். ஒரு கணம் மின்சாரம் விட்டுப்போனால் மோட்டார் வேகத்திலேயே தாண்டிவிடும். ஒலி மட்டும் நின்று, முதலிலிருந்து என்ஜினைக் கிளப்பும். அதைத் தடுக்கக் கெபாசிட்டர் வேண்டும். சில பெரிய டிகோடர்களில் அது உள்ளேயே இருக்கிறது, சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டுங்கள். நீங்களே போடுவதானால் 35 வோல்ட் தாங்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், அதன் முன்னால் இணையாக இணைத்த 100 ஓம் மின்தடையும் டையோடும், இவ்வளவுதான். டிகோடரின் நீல வயருக்கும் (பொது நேர்மின் முனை) அதன் தரைப்புள்ளிக்கும் நடுவில் போக வேண்டும். தரைப்புள்ளி என்பது தண்டவாளத்துக்குப் போகும் கறுப்பு வயர் அல்ல. கையேட்டில் அந்தப் புள்ளி காட்டப்படாவிட்டால் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பழைய ஸ்டைன்ஸில் டிகோடர் போடும் முன் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. ஆரம்பகால மோட்டார்க் கட்டைகளில் தண்டவாளத் தொடர்பும் மோட்டார் பிரஷ்ஷும் உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்கும். அப்படியே டிகோடரை இணைத்து மின்சாரம் கொடுத்தால் அந்த நொடியே அது முடிந்தது. மல்டிமீட்டரில் சக்கரத்துக்கும் மோட்டார் முனைக்கும் தொடர்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிற்காலக் கட்டைகளில் நாலு வயர் தனித்தனியாக வரும். அங்கேயும் ஒரு கண்ணி: எல்ஜிபியில் பழுப்பும் வெள்ளையும் தண்டவாளம், மஞ்சளும் பச்சையும் மோட்டார். டிசிசி பொது நிறமுறையிலோ சிவப்பும் கறுப்பும் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார். வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, பச்சை துணைக்கருவி. நிறத்துக்கு நிறம் இணைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்கள் மத்திய அலகு பழைய எல்ஜிபி எம்டிஎஸ் (எல்ஜிபியின் சொந்த டிஜிட்டல் முறை) என்றால் இன்னும் ஒன்று. ஆரம்ப எம்டிஎஸ் 14 வேகப்படிகளில்தான் ஓடும். ஒலிப் பொத்தான்களைத் துடிப்புத் தொடராக அனுப்பும். அந்தத் தொடரைப் புரிந்துகொள்ளும் டிகோடர்தான் அதில் முழுதாக வேலை செய்யும். எம்டிஎஸ்ஸின் மின்னணுப் பகுதிகள் பலவற்றை உருவாக்கியது மாசோத் என்பதால் அவர்களுடையது இயல்பாகவே பொருந்தும். விளக்குப் பொத்தானை அழுத்தியும் முன்விளக்கு கேட்காவிட்டால் பயப்பட வேண்டாம். டிகோடர் 28 படியில் இருக்கிறது, அலகு 14இல் அனுப்புகிறது. சிவி 29ஐ மாற்றினால் சரியாகிவிடும்.

மத்திய அலகே இன்னும் வாங்கவில்லை என்றால் கணக்கு மாறிவிடும். சவுண்ட்டிராக்ஸின் புளூனாமி டிகோடர்கள் புளூடூத் வழியாகக் கைபேசியிலிருந்து ஓடும். அதில் 4408 என்பது 4 ஆம்பியர் வகை. டிகோடர் விலை மட்டும் பார்த்தால் கூடுதல், ஆனால் அலகு, பூஸ்டர் (தண்டவாளத்துக்குக் கூடுதல் மின்சாரம் தரும் பெட்டி) எல்லாவற்றையும் மிச்சப்படுத்துகிறது. என்ஜினுக்குள் பேட்டரி வைத்துவிட்டால் தண்டவாளம் துடைக்கும் வேலையும் போச்சு.

அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, டிஎஃப்பிளேயர் என்ற சின்ன எம்பி3 பலகை, ஒரு ஆப்டோகப்ளர் வைத்துத் தானே செய்யலாமா என்று சிலர் கேட்பதுண்டு. டீசல் ஹார்ன், ரயில் நிலைய அறிவிப்பு, ஆலை ஓசை போன்றவற்றுக்குத் தாராளமாகச் செய்யலாம், மிக மலிவு. என்ஜினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒலிக்கு அது போதாது. ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி காதில் விழும். ஏல தளங்களில் பெயரில்லாமல் வரும் "ரயில் ஒலிப் பலகை"களும் ஏறக்குறைய இதே ரகம். அவற்றில் பல டிசிசியே அல்ல.

உங்கள் இரண்டு என்ஜின்களுக்கு முடிவாக நான் சொல்வது: ஸ்டைன்ஸுக்கு லோக்சவுண்ட் 5 எல், ஒலியைக் கடையிலேயே ஏற்றச் சொல்லி. டீசலை அளந்து பாருங்கள். 4 ஆம்பியருக்குள் என்றால் ஈகனாமி 400 அல்லது சுனாமி2 4400. தாண்டினால் 5 ஆம்பியரோ அதற்கு மேலோ தரும் ஒலியில்லாத டிகோடரும் ஒரு எச்ஓ ஒலி டிகோடரும். ஸிமோவின் எம்எக்ஸ்695 அல்லது எம்எஸ்990 தனியாகவே 6 ஆம்பியர் தரும், அருமையான சரக்கு, ஆனால் குறைந்த பட்ஜெட்டுக்குள் அடங்காது. எதை வாங்கினாலும் என்ஜினுக்குள் சால்டர் செய்யும் முன் மேசையில் வைத்து, முதலைக் கிளிப்புகளால் மோட்டாரும் ஸ்பீக்கரும் இணைத்து, தொழிற்சாலை முகவரியான 3இல் ஓட்டிப் பாருங்கள். வயரை வெட்டிய டிகோடரைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை.